நேரக்கணிப்பாளர்

நாற்பத்திரண்டு கேள்விகள்.
முதலாவது: வெளியாள் நுழையாதபடி பாதுகாப்பு உண்டா?
உண்டு.
பூட்டு படலையின் வெளிப்பக்கம் தொங்குகிறது.
மருந்துக்கடைக்குப் போறதெண்டால் பூட்டிப்போட்டுத்தான் போவன், அக்கா
என்கிறாள் துளசிகா.
உள்ளே நெருப்புப் பிடித்தால்?
அது படிவத்தில் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

இணுவிலில் மாபிள் பதித்த வீடு.
அலுமாரிக்கு மேலே பெட்டியோடு காற்று மெத்தை,
பிரம்டனில் இருந்து மகள் அனுப்பியது.
அந்த நாட்டுப் பிளக், இந்தச் சுவரில் நுழையாது.
ஆறு மாதமாக அவர் பஞ்சு மெத்தையில்.

கனகசூரியர்.
கோண்டாவில் டிப்போவில் முப்பத்தொரு வருடம்
பஸ் வந்த நேரமும் போன நேரமும் எழுதியவர்.
வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு.
மூலையில் கமரா.
மகளுக்கு அதில் தெரிவது
சுருக்கமில்லாத விரிப்பு, சவரம் செய்த முகம்,
நெற்றியில் மூன்று கோடு திருநீறு.
போர்வைக்குள் இருக்கும் கால் தெரியாது.

பதினேழாவது: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை
பிரட்டிப் படுக்க வைக்கப்படுகிறாரா?
கொப்பியைப் புரட்டினேன்.
இரவு பத்து. பன்னிரண்டு. இரண்டு. நான்கு.
ஒரு நிமிடம் பிசகவில்லை.
ஒரே பேனை, ஒரே சரிவு, மாதம் முழுக்க.

போர்வையை விலக்கி
வலது குதிக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன்.
வெளிறவில்லை.
கறுத்த சிவப்பு நின்ற இடத்திலேயே நின்றது.
துளசிகா கொப்பியைப் பார்க்கவில்லை, என்னையும்.
இரவுக்கு வேறை பிள்ளை வரும் எண்டவை, அக்கா.
இப்ப நாலு மாசம்.
பற்றுச்சீட்டில் இரண்டு பேருக்குக் காசு.
நான் பார்த்தது ஒரு பாய், ஒரு சீப்பு,
கதவுக்குப் பின்னால் ஒரு சோடிச் செருப்பு.

அவருடைய இடக்கை தலையணைக்கு அடியில் எதையோ தேடியது.
கிழித்த கலண்டர் தாள்கள்.
பின்பக்கம் பென்சிலில், முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல
உருண்டும் சரிந்தும்:

பிரட்டினது 11.40.
பிரட்டினது 4.10.
நுளம்புவலை விலகினது 2.25.
பிள்ளை நித்திரை 1.05 – 3.50. கூப்பிடேல்லை.
பிள்ளை நித்திரை 12.30 – 4.00. கூப்பிடேல்லை.
கூப்பிடேல்லை.

கட்டில் விளிம்பில் அழைப்பு மணி.
இருபத்திரண்டாவது கேள்வி அது.
அமத்திப் பார்த்தேன், வீடு அதிர்ந்தது.
அடுப்படியில் இருந்து துளசிகா ஓடி வந்தாள்,
கையில் மா.
எட்டு செக்கன். நல்ல புள்ளி.
அதை அவர் ஒருநாளும் அமத்தவில்லை.

அலுவலகத்தில் இருந்து அழைப்பு.
மாதக் கடைசி அக்கா, எல்லாத்துக்கும் பச்சை போட்டு அனுப்புங்கோ,
வாடிக்கை நல்ல இடம்.
பணியாளரின் நகம், மேலங்கி, அடையாள அட்டை
எல்லாவற்றுக்கும் பச்சைதான்.
அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று
நாற்பத்திரண்டில் ஒன்றும் கேட்கவில்லை.

பதினேழுக்குச் சிவப்புப் போட்டேன்.
குதிக்காலின் அளவை எழுதினேன்: இரண்டரைச் சென்ரிமீற்றர்.
துளசிகாவின் முகம் இறுகியது,
சிவப்பு யார் தலையில் விடியும் என்று அவளுக்கும் தெரியும்.
அதனால் அதற்குக் கீழே, பெட்டியை விட்டு வெளியே வழிய,
காசு இருவருக்கு, ஆள் ஒருத்தி என்று எழுதி
கையெழுத்தை முழுப்பெயராக வைத்தேன்.
அதை வாசிப்பார்களோ தெரியாது.
சுன்னாகத்தில் மின்மாற்றி விற்கிற கடையின் இலக்கத்தை
அவளுடைய போனில் ஏற்றிவிட்டேன்.

கலண்டர் தாளை ஒரு படம் எடுக்கட்டோ, ஐயா என்றேன்.
தலையை ஆட்டினார். இல்லை.
பிறகு சுவர் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்து
பென்சிலை நுனிநாக்கில் நனைத்து
மெல்ல, மிக மெல்ல எழுதினார்.
எழுதி முடியும்வரை
வாசலில் நின்றேன், பாஸ் கிடைக்காத பஸ்போல.

தரம் பார்க்க வந்தது 9.20.
போனது 10.07.
காலைப் பார்த்தது.